ஐரோப்பாவைத் தோற்கடித்த பல்லேகம பஸ்

புகைப் பரிசோதனை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னைத் தேடி வந்து, "சேர், டீசல் புகைக்கு எந்த நாட்டுச் சட்டம் நல்லது?" என்று கேட்டார். நான் அப்போது பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற மனிதனிடம் காலையிலேயே கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அவருடைய முகத்தில் பயிற்சி வகுப்பின் பளபளப்பு இன்னும் போகவில்லை. கொழும்பில் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, ஐரோப்பா ஒரு நிரல், ஜப்பான் ஒரு நிரல், இந்தியா ஒரு நிரல், ஓரத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு இலங்கை ஒரு நிரல் என்று அட்டவணை காட்டியிருப்பார்கள். எங்களுக்கும் காட்டினார்கள். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது.

அந்த அட்டவணையில் பொய் இல்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்து நிரலில் இருப்பதெல்லாம் ஒரே சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பாக்காரர்கள் புது வண்டியை உருளை மேல் ஏற்றி, வீதியில் ஓடுவது போல ஓடவிட்டு, எவ்வளவு அழுக்கு வருகிறது என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். பழைய வண்டிக்கு அங்கே வேறு கணக்கு. ஜப்பான்காரர்கள் தங்கள் நகர நெரிசலை மனதில் வைத்துத் தங்களுக்கென்று ஓர் ஓட்டம் வகுத்துக்கொண்டார்கள். இந்தியா ஐரோப்பாவின் ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, அவசரத்தில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாக்காரர்கள் சொந்த மத்திய அரசையே நம்பாமல் தங்களுக்குத் தனிச் சட்டம் எழுதினார்கள்.

நாமோ பல ஊர் வண்டிகளையும் இறக்கி, நம்முடைய டீசலை ஊற்றி, நம்முடைய மலையில் ஏற்றுகிறோம். பிறகு வண்டியை நிறுத்தி வைத்து, எக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்து, புகைக் குழாயின் வாயில் ஒரு குழலைச் செருகி, புகை எவ்வளவு கறுப்பு என்று ஓர் இலக்கம் எடுக்கிறோம். இலக்கம் கூடினால் கறுப்பு அதிகம். நம் நாட்டின் எல்லை இலக்கம் மிகவும் தாராள மனதுடையது. அதிலும் ஒருவர் தோற்கிறார் என்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும்.

ஆகவே எந்தச் சட்டம் நல்லது என்ற கேள்விக்கு என்னுடைய நேர்மையான பதில், எனக்குத் தெரியாது என்பதுதான். ஆனால் நம் மாத்தளை மாவட்டத்து பஸ் ஒன்று ஐரோப்பாவின் எல்லையையே தோற்கடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்தக் கதையைச் சொல்கிறேன். வகுப்பில் சொல்லித்தர மாட்டார்கள்.

அதற்கு முன்னால் ஸ்க்ரூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய டீசல் எஞ்சின்களின் பம்பில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதை இறுக்கினாலோ தளர்த்தினாலோ, எஞ்சினுக்குள் போகிற டீசல் கூடும், குறையும். டீசல் குறைந்தால் புகை குறையும், இழுவையும் குறையும். பரிசோதனை நாள் காலையில் கராஜுக்குப் போய் ஸ்க்ரூவை இறக்கி டீசலைக் குறைப்பது, நம்மிடம் வந்து பாஸ் ஆவது, திரும்பும் வழியில் அதே கராஜில் மறுபடி ஏற்றுவது. பலாபத்வலையில் நான் பொறுப்பாக இருந்த நிலையத்தைச் சுற்றி இந்த வழக்கம் கோவில் நேர்த்தி போலப் பக்தியோடு நடந்துவந்தது. எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். மெஷின் பாஸ் என்று சொன்னால் நாங்கள் சான்றிதழை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிடுவோம்.

சலீம் என்பவர் மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாகப் பல்லேகமவுக்கு ஒரு பஸ் ஓட்டினார். சொந்த பஸ், அவரே டிரைவர். கண்டக்டர் அவருடைய தம்பி நஸீர். பின்பக்கக் கதவின் ஃபுட்போர்டில் நின்றுகொண்டே வயதான பெண்களின் மூட்டைகளை ஏற்றி இறக்குகிற, எல்லாருக்கும் பிடித்த பையன். பையன் என்றால் முப்பது தாண்டியவன்தான். மத்தியானத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போக இவர்களுடைய பஸ்ஸை விட்டால் ஆட்டோதான். புகைச் சான்றிதழ் இல்லாவிட்டால் வருட லைசன்ஸ் இல்லை, லைசன்ஸ் இல்லாவிட்டால் பஸ் இல்லை. அதனால் சலீம் வருடா வருடம் ஸ்க்ரூவை இறக்கிக்கொண்டு, முகத்தில் பவுடரும் பூசிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி எங்கள் நிலையத்துக்கு வருவார்.

அந்த வருடம் அவர் வந்த நாளில் கொழும்பிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இளம் வயது. நாங்கள் 'மிஸ்' என்று கூப்பிட்டோம். பல நாடுகளின் டீசல் புகை விதிகளை ஒப்பிட்டு அறிக்கை எழுதுவது அவருடைய வேலை. நம் எல்லையை இறுக்கலாமா, இறுக்கினால் எந்த ஊரைப் பார்த்து இறுக்குவது என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். மேலிடத்து ஆள் வருகிறார் என்றால் நாங்கள் தரையைக் கழுவி, பழைய கலண்டரைக் கழற்றி, ஒரு நாளைக்கு ஒழுங்கான மனிதர்களாக இருப்போம். ஆனால் இந்தப் பிள்ளை தரையைப் பார்க்கவில்லை, புகைக் குழாயைப் பார்த்தார்.

சலீமின் பஸ்ஸை உள்ளே எடுத்தோம். நஸீர் இறங்கி நின்று இருமினான். சும்மா தொண்டைச் செருமல் இல்லை, முதுகு வளைந்து முழங்காலைப் பிடிக்க வைக்கிற இருமல்.

"என்ன, இன்னும் போகலையா இது?" என்று கேட்டேன்.

"போன மழைக்குப் புடிச்சது சேர்," என்றார் சலீம். "பாணி மருந்து கொடுக்கிறோம். டொக்டர் ரெண்டு பேரு மாத்தியாச்சு. தூசியாம், ஒத்துக்கல்லயாம். ராவையில படுக்கவும் ஏலாம இருக்கான். உம்மா பயந்து போயிட்டாங்க."

தம்பி மேல் அவருக்கு உயிர். அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே வாப்பா மௌத்தாகிவிட்டார், இவர்தான் தகப்பன் போல வளர்த்தார். இருமலைப் பற்றிச் சொல்லும்போது பவுடர் பூசிய முகம் சுருங்கிப்போனது.

எக்ஸிலரேட்டரை மிதித்தோம். திரையில் இலக்கம் வந்தது. மிஸ் குனிந்து பார்த்தார், மடிக்கணினியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஐயா, இந்த பஸ் என்னைவிட வயசு கூட. எங்கட எல்லையை விடுங்கோ, ஐரோப்பாவில பழைய வண்டிக்கு வைச்சிருக்கிற எல்லைக்குக் கீழயும் நிக்குது. இதெப்பிடி?"

நான் ஜன்னல் வழியாக A9 வீதியை ரசித்தேன். சலீம்தான் பதில் சொன்னார்.

"அல்ஹம்துலில்லாஹ். நாங்க நல்லா பாத்துக்கிறோம் மிஸ்."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. புகழ்ச்சி தலைக்கேறி, "மலை ரோட்டுலயும் இதே மாதிரிதான் போவும். ஒரு நாளைக்கு வந்து பாருங்க," என்று விருந்துக்கு அழைப்பது போல அழைத்தார். ஊர் பழக்கம் அது. கூப்பிடுவார்கள், யாரும் போக மாட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது தெரியவில்லை.

"இண்டைக்கே வாறன்," என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஐயா, நீங்களும் வாங்கோ."

சலீம் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கராஜ் எங்கள் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. மெக்கானிக் வாசலில் ஸ்பேனரோடு நின்றுகூட இருந்தான். அவனைக் கடந்து போகும்போது சலீம் தலையைக்கூடத் திருப்பவில்லை. முன் சீட்டில் மிஸ் உட்கார்ந்திருக்க, பம்பைத் திறக்கச் சொல்ல எந்த மனிதனுக்குத் தைரியம் வரும்? ஐரோப்பிய எல்லைக்குள் ஓடுகிற அந்த பஸ், ஐரோப்பிய எல்லைக்குள்ளேயே மாத்தளை ஸ்டாண்டுக்குப் போய், மூட்டை முடிச்சுகளோடு நின்ற பல்லேகமச் சனத்தை மூச்சுமுட்ட ஏற்றிக்கொண்டது.

ரத்தோட்டை வரைக்கும் சமாளித்தோம். அதற்கு மேல் பஸ் முனகியது. சலீம் முதல் கியருக்கு வந்துவிட்டார், அதற்குக் கீழே கியர் கிடையாது. பக்கத்தில் ஒருவர் மண்வெட்டியோடு நடந்து எங்களை முந்திப் போனார். மிஸ் ஜன்னலைத் திறந்து பின்னால் பார்த்து, "புகையே இல்லை," என்றார் ஆச்சரியமாக. நான் மதகுருமாருக்கென்று ஒதுக்கிய பக்கத்து சீட்டின் அறிவிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கொண்டைவளைவில், பாதி திரும்பியிருந்தபோது, எஞ்சின் நின்றது. பிரேக் பிடித்தும் பஸ் கொஞ்சம் பின்னால் வழுக்கியது. பின்னால் மதகுக் கட்டு, அதற்கு அப்பால் மூடுபனி, மூடுபனிக்குள் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு தாய் மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குள் நஸீர் ஃபுட்போர்டிலிருந்து குதித்து, கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பின் சில்லுக்கு அடியில் செருகிவிட்டான். பஸ் நின்றது. அவன் அங்கேயே வீதியில் குந்தி இருமினான்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இங்கே கொஞ்சம் கவனியுங்கள். சான்றிதழில் இருந்த கையெழுத்து என்னுடையது, மை காய்ந்து இரண்டு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. மெஷின் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு பஸ் நிறையச் சனம் பள்ளத்துக்குப் போகப் பார்த்தது.

எல்லாரையும் இறக்கினோம். அந்த ரூட்டுச் சனத்துக்கு இறங்கி நடப்பது பழக்கம்தான், ஆனால் திட்டாமல் நடக்கிற பழக்கம் இல்லை. சிங்களத்திலும் தமிழிலும் திட்டிக்கொண்டே வளைவு மேலே ஏறிப் போனார்கள். சலீம் எஞ்சின் மூடியைத் திறந்து, சொந்த ஸ்பேனரால் ஸ்க்ரூவை ஏற்றினார். மிஸ் பக்கத்தில் நின்று பார்த்தார். இன்ஜினியர் அல்லவா, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சலீமிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"இப்ப வாற புகை எங்க போகும்?"

"பின்னுக்குப் போவும் மிஸ். எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"பின்னுக்கு ஆர் நிக்கிறது?"

வீதியில் குந்தியிருந்தவனை மூன்று பேரும் பார்த்தோம்.

மிஸ் என்னிடம் திரும்பினார். "ஐயா, நான் இத்தனை நாட்டுச் சட்டத்தை வாசிச்சிட்டன். எல்லாரும் குழாய் வாயிலதான் அளக்கினம். குழாய்க்குப் பக்கத்தில நாள் முழுக்க நிக்கிற ஆளை ஒருத்தரும் அளக்கிறேல்லை. நீங்கள் என்ன செய்யப் போறியள்?"

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அட்டவணையில் இந்தக் கேள்விக்கு நிரல் கிடையாது. அந்தச் சான்றிதழை அங்கேயே ரத்துச் செய்து மறுபரிசோதனைக்குக் கூப்பிட எனக்கு அதிகாரம் இருந்தது. செய்திருந்தால் சலீம் என்னைச் சபித்துவிட்டு, வேறு மாவட்டத்தில் வேறு நிலையத்துக்கு, ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டு போயிருப்பார். சும்மா இருந்திருந்தால் அடுத்த வருடம் பவுடர் பூசிக்கொண்டு என்னிடமே வந்திருப்பார். இரண்டிலும் நஸீர் அதே ஃபுட்போர்டில்தான் நிற்பான். எனக்குக் கோபம் வந்தது. சலீம் மேல், அந்த ஸ்பேனர் மெக்கானிக் மேல், ஐரோப்பா மேல், ஊற்றுகிற டீசல் மேல், எல்லாவற்றையும்விட வளைவில் நின்று யோசித்துக்கொண்டிருந்த என் மேல். பிரசங்கம் செய்யத் தோன்றியது. நல்ல வேளையாகச் செய்யவில்லை. வண்டி ஓட்டுகிற எவனும் அதிகாரியின் பிரசங்கத்தைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"சாவியக் குடுங்க சலீம்," என்றேன். "மேல வரைக்கும் நான் எடுக்கிறேன்."

"எதுக்கு சேர்?"

"நீங்க பின் கதவுல நில்லுங்க. தம்பி முன்னால வரட்டும்."

"எம் பஸ்ஸ வேற யாருக்கும் குடுக்கிறதில்ல சேர்."

"எங்கிட்டயும் ஹெவி லைசன்ஸ் இருக்குது. தெனமும் உங்கள மாதிரி எத்தன பேரோட வண்டிய உள்ள எடுக்கிறேன். சனமெல்லாம் இறங்கிட்டாங்க, விழுந்தா நம்மதான் விழுவோம். ஏறுங்க."

அவர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் ஏற்கெனவே பின் சீட்டில் போய் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்ட பெண் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, பஸ் முதலாளி எப்படி மாட்டேன் என்பது? பின் கதவுக்குப் போனார். நஸீர் என் பக்கத்தில் வந்து, முன் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புது மாணவன் மாதிரி நின்றான்.

கட்டையை எடுத்துப் போட்டதும் மிதித்தேன். பஸ் யானை மாதிரி எழும்பியது. குறை சொல்லக்கூடாது, என்ன இழுவை. கண்ணாடியில் பார்த்தபோது பின்னால் வீதி இல்லை, மலை இல்லை, கறுப்புத்தான் இருந்தது. உயரம் போகப் போகக் காற்று மெலியும், புகை இன்னும் கூடும், அதுவும் பலாபத்வலையில் எங்கள் மெஷினுக்குத் தெரியாத விஷயம். ரிவர்ஸ்டன் காற்று அன்று வழக்கம் போல எதிரும் புதிருமாக அடித்து, வெளியே போன புகையைப் பிடித்துப் பின் கதவு வழியாக உள்ளே தள்ளியது. முன்னால் எனக்கு ஒரு மணமும் இல்லை. நிம்மதியாக ஓட்டலாம் போலிருந்தது. நஸீர் ஒரு தடவைகூட இருமவில்லை.

சனம் காத்துநின்ற இடத்தில் நிறுத்தினேன். முதலில் மிஸ் இறங்கினார். சட்டை வெள்ளை என்று சொல்ல முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வீதியோரம் போய் நின்றார். பிறகு சலீம் இறங்கினார். பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு இருமினார், துப்பினார், துப்பியதைக் குனிந்து பார்த்தார். பவுடர் பூசிய முகத்தில் மூக்குக்குக் கீழே இரண்டு கறுப்புக் கோடு. வேறு நாள் என்றால் நான் சிரித்திருப்பேன்.

நஸீர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். சலீம் அதை வாங்கவில்லை. அவனுடைய கையைப் பிடித்தார்.

"எப்பவும் இப்புடித்தானா இருக்குது பின்னால?"

நஸீர் எங்களைப் பார்த்து வெட்கப்பட்டான். அண்ணனை அடுத்தவர் முன்னால் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"சொல்லுடா."

"டெஸ்ட் அன்னைக்கு மட்டும் இருக்காது, நானா," என்றான் அண்ணனிடம்.

சலீம் வீதியோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். சனம் "போவோம், போவோம்" என்று சத்தம் போட்டது. அவர் எழுந்து, முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகியிருந்த சான்றிதழை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தார். "இத வச்சிக்கங்க சேர். செய்ய வேண்டியதச் செஞ்சிட்டு வாறேன்," என்றார். அன்றைய ஓட்டத்தைப் பல்லேகம வரைக்கும் அவரே ஓட்டி முடித்தார். நஸீரை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு, பின் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

அதன் பிறகு கொஞ்ச நாள் அந்த பஸ் ஓடவில்லை. பல்லேகமச் சனம் என்னைப் பெயர் சொல்லித் திட்டியதாகக் கேள்விப்பட்டேன். திட்டட்டும், ஆட்டோவுக்குக் காசு கொடுத்தவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. சலீம் எஞ்சினுக்குள் டீசல் பீய்ச்சுகிற நோசல்களை மாற்றினார், பம்பை ஒழுங்காக அளவு பார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோனார், காற்று வடிகட்டியைக் கழற்றியபோது அதற்குள் ஒரு தோட்டமே செய்யக்கூடிய மண் இருந்ததாம். பின்பக்கத் தரையில் இருந்த ஓட்டைகளை அடைத்து, புகைக் குழாயைக் கதவுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். அதைச் செய்யச் சொல்லி எந்தக் கண்டத்திலும் சட்டம் இல்லை. மிஸ் கொழும்பிலிருந்து தொலைபேசியில் கேட்டு, அறிக்கையில் அதையும் எழுதிக்கொண்டார். மேலிடம் அதை வாசித்ததா என்று எனக்குத் தெரியாது. மேலிடங்கள் வாசிப்பதை நான் பார்த்ததில்லை.

மறுபரிசோதனைக்கு பஸ் வந்தது. முகத்தில் பவுடர் இருந்தது, அதை மட்டும் அவர் விடவில்லை. நஸீர் இறங்கினான். இன்னும் இருமல் இருந்தது. இரவில் படுக்க முடிகிறது என்றான்.

உங்களுக்குத் தெரியும், வண்டியைக் கொண்டுவருகிற எல்லாரும் திரைக்கு முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், பரீட்சைப் பெறுபேறு பார்க்க வந்த மாதிரி. சலீம் அந்தப் பக்கம் வரவில்லை. "மிதிங்க சேர்," என்று சொல்லிவிட்டு, பின் ஃபுட்போர்டில் ஏறி, தம்பி நிற்கிற இடத்தில் நின்றுகொண்டார்.

மிதித்தேன். வந்த இலக்கம் முந்தியதைவிட மோசம், இந்தத் தடவை ஸ்க்ரூவை யாரும் இறக்கவில்லை. ஐரோப்பாவுக்குக் கிட்டவும் போக முடியாது. நம் நாட்டு எல்லைக்குள் நல்ல இடைவெளி விட்டு நின்றது.

"பாஸ், சலீம்," என்று கூப்பிட்டேன். "எவ்வளவுன்னு பாக்கலையா?"

அவர் அங்கேயே நின்று இன்னொரு மூச்சு இழுத்துப் பார்த்தார்.

"இன்னொருக்கா மிதிங்க சேர்," என்றார்.